கோட்டம் எடுத்தால் போதும், ரிம்மை மாற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்கோடு பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவன் நான். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு, நல்ல விஷயம்தான். ஆனால் வாங்கி ஒரு வருசம்கூட ஆகாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணா, ரிம்மு போச்சாம், புதுசு போடணும்னு சொல்லிட்டாங்க, எவ்வளவு ஆகும்?" என்று பிள்ளைகள் கேட்கும்போது கோபம்தான் வருகிறது. பிள்ளைகள் மேல் இல்லை, பார்க்காமலே அப்படிச் சொல்லி அனுப்பியவர்கள் மேல். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் கோட்டம், அதாவது ரிம் நேராக ஓடாமல் பக்கவாட்டில் நெளிந்து ஓடுவது. கம்பியை ரிம்மோடு இறுக்குகிற சின்ன நட்டுதான் நிப்பிள், அதில் நாலைந்தைத் திருப்பினால் சரியாகிவிடும்.

கோட்டம் எடுக்கிற வேலைக்குப் பொறுமை வேண்டும், கூலியும் பெரிதாகக் கேட்க முடியாது. அதனால் இப்போது பல இடங்களில் முழுச் சக்கரத்தையே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். மாற்றுகிறவருக்கு அது லாபம், பணம் கட்டுவது கூலி வேலைக்குப் போகிற ஒரு அப்பனோ அம்மாவோ. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சைக்கிள் சக்கரத்தில் இருக்கிற ஒவ்வொரு கம்பியும் ரிம்மை நடுவில் இருக்கிற ஹப்பை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. பாதிக் கம்பி வலது பக்கம் இழுக்கிறது, பாதி இடது பக்கம். இரண்டு பக்கமும் சமமாக இழுக்கிற வரைக்கும் ரிம் நடுவில் நேராக ஓடும். கயிற்றுக் கட்டில் மாதிரிதான், ஓரிடத்தில் கயிறு தளர்ந்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து தொய்யும். பழைய கறுப்பு சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி வைத்தார்கள், பாரம் பின்னால்தானே அதிகம். அந்த வண்டியில் ராகி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பால் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு போனவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலிருந்து வருகிற பாரத்தை இந்தச் சக்கரம் நன்றாகவே தாங்கும். பக்கவாட்டில் வருகிற அடியைத்தான் தாங்காது.

அந்த அடி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் மணி அடித்ததும் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் போய் நில்லுங்கள். ஒன்றோடு ஒன்று சாய்த்து வைத்திருப்பார்கள். ஒருத்தன் தன் வண்டியை இழுக்கிறான், அதன் பெடல் பக்கத்து வண்டியின் கம்பிக்குள் மாட்டியிருக்கிறது, இவன் விடாமல் இழுக்கிறான், வரிசையே சரிந்து விழுகிறது. கீழே கிடக்கிற சக்கரத்தின் மேலேயே நாலு பேர் ஏறி நடக்கிறார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாலு நாள் கழித்து டயர் மட்கார்டில் உரசுகிற சத்தம் வரும். மினி லாரியில் சைக்கிளைப் படுக்கப் போட்டு மேலே தக்காளிப் பெட்டியை அடுக்கினாலும் இதே கதைதான்.

அடுத்தது சாலை. குழாய் பதிக்கக் குறுக்கே வெட்டி, மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகிறார்கள், ஒரு மழை பெய்தால் மண் இறங்கி விளிம்பு மட்டும் கத்தி மாதிரி நிற்கிறது. டயரில் காற்று சரியாக இருந்தால் அந்த விளிம்பைக்கூடச் சமாளிக்கலாம். காற்று கம்மியாக இருந்தால் டயர் நசுங்கி ரிம் நேராகக் கல்லில் இடிக்கும். டியூபைக் கழற்றிப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் இருக்கும், அது முள் குத்தின பஞ்சர் இல்லை, ரிம் கடித்தது. டயரின் பக்கவாட்டிலேயே எவ்வளவு காற்று என்று அச்சடித்திருக்கிறது, யாரும் படிப்பதில்லை. பள்ளத்தைப் பார்த்தால் அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, சீட்டிலிருந்து லேசாக எழுந்து பெடலில் நின்றுகொள்ளுங்கள். உங்கள் எடை முழுவதும் ஒரே அடியாகப் பின் சக்கரத்தில் இறங்காது. பின்னால் ஒரு ஆளை வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறக்கினால் எந்தச் சக்கரமும் பிழைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம்விட யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. புதுச் சக்கரத்தில் கம்பிகள் ஓட ஓடத்தான் தத்தம் இடத்தில் உட்காரும், உட்காரும்போது கொஞ்சம் தளரும். எந்தக் கம்பெனி வண்டியானாலும் இப்படித்தான். ஓட்ட ஆரம்பித்துச் சில வாரத்தில் ஒருமுறை எல்லாக் கம்பியையும் பார்த்து இறுக்கிவிட்டால் அப்புறம் ரொம்ப நாளைக்குப் பிரச்சினை இல்லை. அதைச் செய்யாமல் விட்டால், தளர்ந்த கம்பி சக்கரம் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் தொய்ந்து, விறைத்து, தொய்ந்து, விறைத்து, கடைசியில் ஹப்பில் மாட்டியிருக்கிற வளைவில் முறியும். இறுக்கமாக இருந்ததால் கம்பி அறுந்தது என்று நினைப்பார்கள், பெரும்பாலும் தளர்ந்ததால்தான் அறுகிறது. அதிலும் பின் சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பிதான் முதலில் போகும். செயின் ஓடுகிற பல்சக்கரமான ப்ரீவீலுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கம் கம்பிகள் சாய்வு குறைந்து நிற்கின்றன, அவற்றின் மேல் இழுப்பு அதிகம். அங்கே புதுக் கம்பி நுழைக்க ப்ரீவீலைக் கழற்ற வேண்டும், அதனால்தான் கூலி கூடக் கேட்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு கம்பி அறுந்தால் ரிம் எதிர்ப் பக்கம் போகும். நம் ஆட்கள் அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு ஓட்டுவார்கள், பிரேக் கட்டை இடித்தால் பிரேக்கையே தளர்த்திவிடுவார்கள். அந்த வண்டியோடு ஒகேனக்கல் இறக்கத்தில் இறங்குவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

சரி, வீட்டில் எப்படிப் பார்ப்பது? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முதலில் சக்கரத்தை மேலே பிடித்து இடதும் வலதுமாக ஆட்டுங்கள், கடகடவென்று ஆடினால் அச்சில் பேரிங்கைப் பிடித்திருக்கிற கோன் தளர்ந்திருக்கிறது, அதை முதலில் சரிசெய்யாமல் கோட்டம் பார்த்துப் பயனில்லை. ஆட்டம் இல்லாமல் சக்கரம் முழுவதும் ஒரே பக்கமாக ஒதுங்கி ஓடினால் அச்சு நட்டைத் தளர்த்தி நடுவில் வைத்து முடுக்குங்கள், அநேகமாக அதுவே போதும். அப்புறம் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டுங்கள். இறுகியது 'டிங்' என்று பேசும், தளர்ந்தது 'டொக்' என்று செத்த சத்தம் போடும். கடைசியாக ஒரு சாக்பீஸை ஃபோர்க்கோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள், ரிம் எங்கே வெளியே தள்ளியிருக்கிறதோ அங்கே மட்டும் கோடு விழும்.

கோடு வலது பக்கம் விழுந்தால் அந்த இடத்தில் இடது பக்கத்துக் கம்பிகளை இறுக்கி, வலது பக்கத்துக் கம்பிகளை அதே அளவு தளர்த்த வேண்டும். கோட்டின் நடுவில் அரைச் சுற்று, ஓரங்களில் கால் சுற்று, அதற்கு மேல் ஒரே தடவையில் போகவே கூடாது. திருப்பிவிட்டு ஒருமுறை சுற்றிப் பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும். டயர் பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள் போகிற திசையில் திருப்பினால் நிப்பிள் இறுகும், ஹப் பக்கமிருந்து பார்க்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து கோட்டத்தை இரண்டு மடங்காக்கிவிட்டு வருவார்கள். நிப்பிள் சாவி சரியான அளவில் இருக்க வேண்டும். கட்டிங் பிளேயரால் பிடித்தால் மூலை மழுங்கிவிடும், பிறகு நானே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. துருப்பிடித்திருந்தால் ராத்திரியே எண்ணெய் விட்டு வைத்துவிட்டுக் காலையில் தொடுங்கள். இறுக்கிய கம்பியின் முனை ரிம்முக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் டியூபைக் குத்தும். அரத்தால் ராவிவிட்டு ரிம் டேப்போ பழைய டியூபில் வெட்டிய பட்டையோ போடுங்கள்.

சக்கரம் எட்டு மாதிரி மடங்கிவிட்டால்? தரையில் படுக்க வைத்து, மேலே தூக்கி நிற்கிற இரண்டு இடத்தையும் மிதித்து அழுத்தினால் சில சமயம் திரும்பி வரும். வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வர அது உதவும், அதை நம்பி ஓட்டக் கூடாது. ரிம்மில் கூர்மையாக மடிப்பு விழுந்திருந்தாலோ, நிப்பிள் துளை ஓரம் வெடித்திருந்தாலோ கட்டாயம் மாற்றத்தான் வேண்டும், முன் சக்கரமானால் அன்றைக்கே.

பள்ளிகளிடம் ஒரு கோரிக்கை. சைக்கிள் கொடுத்து ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை உள்ளூர் சைக்கிள் கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு எல்லா வண்டியின் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்வமுள்ள நாலு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், கற்றுக்கொள்வார்கள். நிறுத்துகிற இடத்தில் இரண்டு வரிசைக்கு நடுவே ஆள் நடக்க இடம் விட்டுச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள், பெரிய செலவில்லை. எங்கள் பக்கத்துப் பள்ளி எது கூப்பிட்டாலும் நான் கூலி இல்லாமல் வருகிறேன். கம்பி மட்டும் பள்ளியில் வாங்கி வைக்கட்டும், சாவியும் எண்ணெயும் நானே கொண்டு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.