கழற்றினால் அவளுக்கு என்ன தெரியும்?

அம்முவுக்கு,

நீ அனுப்பிய கதையை இரண்டு தடவை படித்தேன். உன் கதாநாயகி நில அளவைத் துறையில் வேலை பார்க்கிறாள். கண்ணாடி போட்டவள் என்பதால் நான்கு எபிசோட் வரைக்கும் யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐந்தாவதில் தோழியின் கல்யாண வரவேற்புக்குக் கண்ணாடி இல்லாமல், முடியை விரித்துவிட்டு மாடிப்படியில் இறங்கி வருகிறாள். கீழே நிற்கும் பையன் வாயடைத்துப் போகிறான். "ஏதோ இடிக்குதுப்பா, டைரக்டர்கிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று எழுதியிருந்தாய்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: அவளுக்கு என்ன பவர்?

கதையில் எங்கேயும் அது இல்லை. பவர் சொல்லாத கண்ணாடி வெறும் நகைதான். நகையை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். பவரை எழுதிவிட்டால் காட்சி மாறிவிடும். கணக்கு சுலபம். கிட்டப்பார்வைக்காரருக்கு 100 சென்டிமீட்டரைப் பவரால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எதுவரை தெளிவாகத் தெரியும் என்று வந்துவிடும். மைனஸ் 2 என்றால் 50 செ.மீ. மைனஸ் 4 என்றால் 25 செ.மீ., ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. மைனஸ் 6 என்றால் 17 செ.மீ.கூட இல்லை. மைனஸ் 4 போட்டவள் மாடிப்படி உச்சியில் கண்ணாடி இல்லாமல் நின்றால், கீழே நிற்பவன் அவளுக்கு ஒரு நிற வட்டம். அவன் சிரிக்கிறானா, முகம் சுளிக்கிறானா, அவன்தானா என்பதே தெரியாது. படியின் விளிம்பும் கலங்கித்தான் தெரியும்; கைப்பிடியை விடவே மாட்டாள். அவளை எல்லாரும் பார்க்கிறார்கள், அவளுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. இதை அழகு என்று காட்டுவதுதான் உனக்கு இடிக்கிறது.

இந்தக் காட்சி ஹாலிவுட்டில் தொடங்கி நம் ஊர் வரை வந்த பழைய சரக்கு. 1946-இல் வந்த 'தி பிக் ஸ்லீப்' படத்தில் டோரதி மலோன் புத்தகக் கடைக்காரியாக வருவார். கண்ணாடியைக் கழற்றி, முடியை அவிழ்த்துவிட்டதும் ஹம்ஃப்ரி போகார்ட் அவரை அப்போதுதான் முதல்முறை பார்ப்பது போலப் பார்ப்பார். 1999-இல் 'ஷீ இஸ் ஆல் தட்' அதையே மாடிப்படியில் வைத்தது. உங்கள் டைரக்டரின் காட்சி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். அதே 1999-இல் கொலம்பியாவில் தொடங்கிய, 'பெட்டி' (Betty) என்ற பெண்ணைப் பற்றிய தொடர், 2003-இல் இந்தியில் 'ஜஸ்ஸி ஜெய்ஸி கோயி நஹீன்' ஆனது. பல்லுக்குக் கம்பி, கண்ணுக்குக் கண்ணாடி. அழகில்லாத பெண் என்று சொல்ல அந்த இரண்டு பொருளே போதும் என்று ஆகிவிட்டது. தமிழில் 'சோடாபுட்டி' என்ற ஒரே சொல் அந்த வேலையைச் செய்கிறது. பையனைச் சொன்னால் கிண்டலோடு போய்விடும். பெண்ணைச் சொன்னால் அது கல்யாணப் பேச்சு வரைக்கும் வருகிறது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிற போட்டோவில் கண்ணாடி இருக்காது.

இந்த வரிசையில் நான் உண்மையிலேயே மதிக்கிற படம், 1953-இல் வந்த 'ஹௌ டு மேரி எ மில்லியனர்'. அதில் மர்லின் மன்றோவுக்கு நல்ல கிட்டப்பார்வை. ஆண்கள் முன்னால் கண்ணாடி போட மாட்டாள். அதனால் சுவரில் மோதுகிறாள், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிறாள், வேறு ஊர் விமானத்தில் ஏறிவிடுகிறாள். பக்கத்து இருக்கைக்காரனும் கண்ணாடி போட்டவன்; போட்டுக்கொள், உனக்கு நன்றாகத்தான் இருக்கும் என்கிறான். சிரிப்புப் படம்தான். ஆனால் கழற்றினால் தெரியாது என்ற அடிப்படை உண்மையை அது மறைக்கவில்லை, காதலும் கண்ணாடி போட்ட பிறகுதான் வருகிறது. 1969-இல் வந்த ஸ்கூபி டூ கார்ட்டூனின் வெல்மாவும் அப்படித்தான்: கண்ணாடி விழுந்தால் தரையில் கையால் துழாவுவாள். 2021-இல் டிஸ்னியின் 'என்காண்டோ'வில் மிராபெல் பச்சைக் கண்ணாடியோடு வருகிறாள். அவளை அழகாக்க யாரும் அதைக் கழற்றவில்லை. குழந்தைகளுக்கான படங்கள் இதில் முந்திவிட்டன.

திரையோடு இது முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். 2018 ஏப்ரலில் தென் கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் ஒரு பெண் செய்தி வாசிப்பாளர் கண்ணாடி போட்டுக்கொண்டு காலைச் செய்தி வாசித்ததே அங்கே பெரிய செய்தியானது. அதே வேலையில் ஆண்கள் எத்தனையோ காலமாகப் போட்டுக்கொண்டுதான் வாசித்தார்கள். 2019-இல் ஜப்பானில் சில நிறுவனங்கள் பெண் ஊழியர்கள் மட்டும் வேலை நேரத்தில் கண்ணாடி போடக்கூடாது என்று வைத்திருந்தது வெளியே வந்து, பெண்கள் கொதித்துப்போனார்கள். வரவேற்பறையில் நிற்கும் பெண்ணுக்குக் கண்ணாடி இருந்தால் முகம் கடுமையாகத் தெரிகிறதாம். வேலைக்கு வேண்டிய பார்வையைவிட, பார்க்கிறவனுக்கு வேண்டிய முகம் பெரிதாகிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம்.

படங்களில் கண்ணாடி ஏன் பொய்யாகத் தெரிகிறது என்றால், பெரும்பாலும் உள்ளே பவர் இருக்காது. மைனஸ் 4 லென்ஸ் வழியாகப் பார்த்தால் கண் 5 சதவீதம் போலச் சிறுத்துத் தெரியும். அதைவிட முக்கியம் கன்னத்தின் ஓரக் கோடு. சற்றே பக்கவாட்டில் நின்று பார், லென்ஸுக்குள் அந்தக் கோடு மூக்குப் பக்கமாக உடைந்து உள்ளே தள்ளியிருக்கும். பவர் இல்லாத லென்ஸில் கோடு நேராக ஓடும். கண்ணாடி போடுகிற பார்வையாளர் யாரானாலும் அரை நொடியில் கண்டுபிடித்துவிடுவார். வெறும் ஃபிரேமை மாட்டிவிடுவது இன்னும் மோசம், தலை திரும்பும்போது ஒரு மினுக்கம்கூட வராது. கடையில் புது ஃபிரேமோடு வருகிற டெமோ லென்ஸும் வேண்டாம். அது பெரும்பாலும் தட்டையாக இருக்கும். லைட் பட்டால் முழுக் கண்ணும் ஒரே நேரத்தில் வெள்ளையாகிவிடும்.

உங்கள் நடிகைக்கே பவர் உண்டா என்று முதலில் கேள். பல பேர் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டுதான் நடிக்கிறார்கள். மைனஸ் 3-க்கு மேல் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை, அவர் பவரிலேயே இரண்டு கண்ணாடி செய்துவிடலாம். பவரே இல்லாதவர் என்றால் மைனஸ் 4 கண்ணாடி செய்து, அதை ஈடுகட்ட கண்ணுக்குள் பிளஸ் 3.75 கான்டாக்ட் லென்ஸ் வைக்க வேண்டும். பிளஸ் 4 ஏன் இல்லை என்று கேட்பாய். கண்ணாடி கண்ணிலிருந்து 12 மி.மீ. தள்ளி இருக்கிறது, அந்த இடைவெளியில் மைனஸ் 4 கருவிழியில் மைனஸ் 3.8 போலத்தான் வேலை செய்யும். இதைக் கண் பரிசோதகர்தான் அளந்து போட்டுப் பழக்க வேண்டும், மேக்கப் அறையில் யாரும் முயற்சி செய்யக்கூடாது. ஒருவர் லென்ஸை இன்னொருவருக்கு மாற்றவும் கூடாது, குழாய்த் தண்ணீரில் கழுவவும் கூடாது. கான்டாக்ட் இல்லாமல் மைனஸ் கண்ணாடியை மட்டும் மாட்டினால் இளம் வயது என்பதால் கொஞ்ச நேரம் கண் சமாளிக்கும். பிறகு தலைவலி வரும். கண் உள்பக்கம் இழுத்துக்கொண்டு பார்வை கூர்மையில்லாமல் தெரியும், க்ளோசப்பில் அது மாட்டிக்கொள்ளும்.

லைட் பிரச்சினைதான் கேமராமேன் சொல்லப்போகிற முதல் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம். கோட்டிங் இல்லாத சாதாரண லென்ஸ் முன்பக்கம் 4, பின்பக்கம் 4 என்று சுமார் 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏஆர்சி கோட்டிங் போட்டால் அது 1 சதவீத அளவுக்கு இறங்கிவிடும், லேசான பச்சை மினுக்கம் மட்டும் நிற்கும். அந்தப் பச்சையை அழிக்க வேண்டாம், அது இருந்தால்தான் லென்ஸ் இருக்கிறது என்று கண் நம்பும். அதற்கு மேலும் லைட் விழுந்தால் காதுக் கம்பியின் நுனியைக் காதிலிருந்து ஒரு நூல் அளவு தூக்கி வை, லென்ஸ் கீழ்ப்பார்வையாகச் சாய்ந்து வெளிச்சம் தரைக்குப் போய்விடும். முடியைக் காதுமேல் இழுத்துவிட்டால் கம்பி தூக்கி நிற்பது தெரியாது. லைட்டை உயர்த்தலாம். ரிங் லைட் மட்டும் வேண்டவே வேண்டாம். நேர் முகத்தில் விழும் பிரதிபலிப்பை, கேமராவில் மாட்டுகிற போலரைசர் ஃபில்டர் அவ்வளவாக வெட்டாது, அதை நம்பாதே.

சோடாபுட்டி வளையங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள சாதாரண பிளாஸ்டிக்கில் மைனஸ் 6, 50 மி.மீ. அகலம் என்றால் ஓரம் கிட்டத்தட்ட 6 மி.மீ. தடிக்கும். அந்தத் தடித்த ஓரம்தான் உள்ளுக்குள் வளையம் வளையமாகத் தெரிகிறது. அந்த எண் 1.67 உள்ள மெல்லிய லென்ஸில் அதே பவர் 4 மி.மீ. அளவில் முடியும். சின்ன ஃபிரேம் எடுத்தால் இன்னும் குறையும். உன் கதாநாயகி அரசு வேலைக்காரி, முதல் சம்பளத்தில் 1.67 வாங்கியிருப்பாளா, படிக்கிற காலத்துத் தடித்த கண்ணாடியையே இன்னும் போட்டிருக்கிறாளா என்று நீ முடிவு செய். லென்ஸின் ஓரத்திலேயே அவள் வீட்டு நிலைமை தெரியும்.

மைனஸ் லென்ஸில் கண் சிறுத்துத் தெரிவதால் மையைக் கொஞ்சம் தடிமனாக இழுக்கச் சொல். மஸ்காரா அதிகமானால் இமை லென்ஸின் உள்பக்கம் உரசிக் கறை விழும். மேக்கப் முடிந்த பிறகு கண்ணாடியை மாட்டாமல், மாட்டிக் கழற்றிச் சரிபார்த்துக்கொண்டே மேக்கப் போட வேண்டும். மூக்கின் இரண்டு பக்கமும் பேட் அழுத்திய தடம் இருக்கும். கழற்றும் ஷாட்டில் அந்தத் தடம் இல்லையென்றால் அவள் அன்றைக்குத்தான் கண்ணாடி போட்டவள் ஆகிவிடுவாள். இரண்டு மணி நேரம் முன்பே மாட்டிவிட்டால் தடம் தானாக விழும்.

பழக்கங்களில் ஒரு தப்பு எல்லாப் படத்திலும் இருக்கிறது. டீச்சரம்மா ஃபிரேமுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். அது 40 தாண்டி, படிக்க மட்டும் கண்ணாடி போடுகிறவர்கள் செய்வது. கிட்டப்பார்வைக்காரி மேலே எட்டிப் பார்த்தால் எதிரே இருப்பது கலங்கித் தெரியும். அவள் செய்வது நேர் எதிர்: பொடி எழுத்து படிக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தருகே கொண்டுபோவாள். இல்லாதபோது கண்ணை இடுக்குவாள். வெக்கையில் வியர்த்து மூக்கில் நழுவும்போது ஒரு விரலால் தள்ளிவிடுவாள். ஏசி அறையிலிருந்து சென்னை வெயிலுக்கு வந்தாலும், இட்லிப் பானையைத் திறந்தாலும் லென்ஸ் வேர்த்து வெளுத்துவிடும். துப்பட்டா நுனியில் துடைப்பாள். ஹெல்மெட் போடும்போது கழற்றிக் கையில் வைத்து, ஹெல்மெட்டை மாட்டிய பிறகு கம்பியை இரண்டு பக்கமும் உள்ளே செருகுவாள். காலையில் கண் திறக்கும் முன்னே கை தலையணைப் பக்கம் போகும்.

அவள் பார்வையில் ஒரு ஷாட் வைத்தால் எடிட்டிங்கில் மங்கல் போட விடாதே. அது மொத்தப் படத்தையும் ஒரே மாதிரி கலைத்துவிடும். கேமராவை 25 செ.மீ.க்கு ஃபோகஸ் செய்து, ஒளி நுழையும் துளையை, அதாவது அப்பர்ச்சரை, நன்றாகத் திறந்து எடு. கையிலிருக்கும் பத்திரிகை எழுத்து பளிச்சென்று இருக்கும், தூரத்துச் சீரியல் பல்புகள் ஒவ்வொன்றும் தட்டு தட்டாக விரியும். கிட்டப்பார்வை அப்படித்தான் இருக்கும். இரவில் கண்மணி விரிவதால் அந்தத் தட்டுகள் இன்னும் பெரிதாகும்.

கண்ணாடியைக் கழற்றும் காட்சி டைரக்டருக்குக் கட்டாயம் வேண்டுமென்றால், உன் கதையிலேயே அதற்கு இடம் இருக்கிறது, ரிசப்ஷனில் இல்லை. அவள் வயலில், நிலம் அளக்கிற டோட்டல் ஸ்டேஷன் கருவியின் முன் நிற்கிறாளே, அங்கே வை. அந்தக் கருவியில் கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸில் ஒரு வளையம் உண்டு. அதைத் திருப்பினால் கிட்டப்பார்வையைக் கருவியே ஈடுகட்டிவிடும், உள்ளே இருக்கும் குறுக்குக் கோடு கூர்மையாகும். அதனால் அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, வளையத்தைத் திருப்பிப் பார்ப்பாள். பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு நோட்டில் எழுதுவாள். பையன் அப்போது பார்க்கட்டும். சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் வேண்டிய பவர்) அதிகம் இருந்தால் அந்த வளையம் உதவாது, கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் அவளுக்கு வெறும் ஸ்பியர், அதாவது எல்லாத் திசையிலும் ஒரே பவர், மட்டும் எழுதிவிடு.

நடிகையின் பவர் சீட்டையும், இரண்டு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் மில்லிமீட்டரில் அனுப்பு. அந்த அளவு தப்பினால் லென்ஸ் மையம் விலகி அவருக்குத் தலை சுற்றும், அதனால் கடையில் அளந்து வாங்கு, போட்டோவைப் பார்த்துச் சொல்லாதே. எந்த ஃபிரேம் என்று முடிவானதும் அதே மாதிரி இரண்டு வாங்குங்கள். ஒன்று உடையும்.

அப்பா