கையெழுத்து கேட்கும் முன் கணக்கு காட்டட்டும்

ஆசிரியருக்கு,

புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பராமரிப்பை பில்டர்கள் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்கும் விதம் பற்றி எழுதுகிறேன். நான் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு துணை மின்நிலையத்தை ஒப்பந்ததாரரிடமிருந்து எடுக்கும்போது ஒவ்வொரு பிரேக்கரையும் போட்டு, அணைத்துப் பார்த்து, டெஸ்ட் ரிப்போர்ட்டை வாங்கிய பிறகுதான் கையெழுத்துப் போடுவோம்.

மேடவாக்கம் பக்கத்தில் உள்ள எங்கள் குடியிருப்பில் பில்டர் தரப்பு ஒரு சாவிக்கொத்தையும் ஒரு பக்கக் கடிதத்தையும் கொடுத்தது. மெயின் பேனலில் எந்த ஸ்விட்ச் எந்த பிளாக்குக்கு என்று எழுதப்படவில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று செலுத்தும் இரண்டு புளோயர்களில் ஒன்று ஓடவே இல்லை, இன்னொன்று சூடாகி டிரிப் ஆகிறது. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் காலாவதியாகியிருந்தது. குழாய் வரைபடம் கேட்டால் 'ஆர்க்கிடெக்டிடம் இருக்கிறது' என்கிறார்கள். கசிவு எங்கே என்று தேடி பிளம்பர் தரைத்தள டைல்ஸை இடம் இடமாக உடைத்துப் பார்த்தார். பிற்காலப் பெரிய பராமரிப்புச் செலவுகளுக்கென்று பத்திரப் பதிவின்போது வாங்கிய கார்பஸ் நிதிக்கு இன்றுவரை கணக்கு வரவில்லை.

பராமரிப்பை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த மாதம் முதல் செக்யூரிட்டி, தண்ணீர் லாரி எல்லாம் நின்றுவிடும் என்றும் சொன்னார்கள். வயதானவர்கள் பயந்துவிட்டார்கள். பயப்படத் தேவையில்லை. 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 11வது பிரிவு, சங்கம் பொறுப்பேற்கும் வரை அத்தியாவசிய சேவைகளை நியாயமான கட்டணத்தில் பில்டரே நடத்த வேண்டும் என்கிறது. உள்ளூர்ச் சட்டம் தனியாக எதுவும் சொல்லாவிட்டால், கட்டுமான நிறைவுச் சான்று கிடைத்த 30 நாட்களுக்குள் வரைபடங்களையும் ஆவணங்களையும் சங்கத்திடம் கொடுக்க வேண்டும் என்கிறது 17வது பிரிவு. வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிய வந்தால் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்பது 14வது பிரிவு. பொதுக்குழுவில் இதையெல்லாம் படித்துக் காட்டிய பிறகுதான் எங்களுக்குள்ளேயே ஒரு தைரியம் வந்தது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களும் அந்தக் கூட்டங்களுக்கு வர வேண்டும், அப்போதுதான் சங்கத்தின் பேச்சுக்கு எடை இருக்கும்.

சட்டம் இருக்கிறது, சரி. ஆனால் ஒப்படைக்கும் நாளில் வந்து பார்க்க யாரும் இல்லை. புகார் கொடுத்து, வக்கீல் வைத்து, வாய்தாவுக்கு அலைந்துதான் ஒரு வரைபடத்தை வாங்க வேண்டுமா?

தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு பொதுவான ஒப்படைப்புப் பட்டியலை வெளியிட வேண்டும். மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட், தீயணைப்பு பம்ப், சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றை ஓட்டிக் காட்டிய சோதனை அறிக்கை, வரைபடங்கள், கார்பஸ் நிதிக்கான வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அடுத்த திட்டத்துக்குப் பதிவு கேட்டு வரும் பில்டரிடம், முந்தைய குடியிருப்பின் பட்டியலைச் சங்கத்தின் கையெழுத்தோடு கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்,
மேடவாக்கம், சென்னை