அண்ணன் கிணற்றுத் தண்ணீர் பற்றி மல்லிகாவுக்கு

சென்னை
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகா,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. பிரபா வேலை மாறிவிட்டான், பெங்களூரிலேயேதான். சாரதா வீட்டுப் பால்காய்ச்சலுக்குப் போயிருந்தேன். அதே சிரிப்பு, அதே கைப்பை. குசலம் இத்தோடு போதும். நீ அனுப்பிய அண்ணன் கிணற்றுத் தண்ணீர் ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

"எல்லாமே என்.டி. (கண்டறியப்படவில்லை), அண்ணனுக்குப் பெரிய நிம்மதி, அண்ணி மறுபடி அந்தத் தண்ணீரிலேயே சமைக்க ஆரம்பித்துவிட்டாள்" என்று எழுதியிருக்கிறாய். நீ கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறவள்டி! பாக்கியம் மேடம் கண்ணில் இது பட்டிருந்தால் மூன்றாவது பெஞ்சில் உன்னை இன்னொரு தடவை நிற்க வைத்திருப்பார். தாளின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கிறதே, பார்த்தாயா? முறை, ஜிசி-எம்எஸ், அதாவது ஆவியாக்கிப் பிரித்து நிறையை அளப்பது. கண்டறியும் எல்லை, லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். மேலே இருக்கிற பெயர்கள் எல்லாம் பூச்சிக்கொல்லி: டிடிடி, எண்டோசல்ஃபான், லிண்டேன் இப்படி. அண்ணன் கிணற்றை ஒட்டி இருப்பது வயலா? மாத்திரைக்கு மூலப்பொருள் தயாரிக்கிற கம்பெனிகள் இருக்கும் தொழிற்பேட்டை. கிணற்றைச் சந்தேகப்படக் காரணம் அது, சோதித்துப் பார்த்தது வேறு எதையோ.

அந்த லேபைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் இருக்கிற பட்டியலைக் கொடுத்திருக்கிறார்கள், காசு கொடுத்தவருக்கு வேறு கேட்கத் தெரியவில்லை. ஆனால் ஜிசி எப்படி வேலை செய்கிறது என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சூட்டில் ஆவியாகிற பொருள்தான் அந்தக் குழாய்க்குள் ஓடும். ஆன்டிபயாடிக்கான சிப்ரோஃப்ளாக்சசின் ஆவியாகுமா? ஒரே மூலக்கூறில் அமில முனையும் கார முனையும் வைத்துக்கொண்டு தண்ணீரை விட்டு வராத சரக்கு அது, சூடேற்றினால் சிதையும். கிணறு நிறைய அது இருந்தாலும் அந்த மெஷின் கண்ணுக்குத் தெரியாது. இத்தனை காலம் மருந்துகள் ஆற்றில் இருப்பதே பெரிதாக வெளியே தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். திரவத்தை ஊசிமுனை வழியாக ஆயிரக்கணக்கான வோல்ட்டில் தெளித்து, மூலக்கூறை உடைக்காமல் மின்னூட்டத்தோடு, நிறையை அளக்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அனுப்பலாம் என்று ஜான் ஃபென் காட்டிய பிறகுதான் கதவு திறந்தது. அதற்கு அவருக்கு 2002-இல் நோபல் கிடைத்தது. திரவத்திலேயே பிரித்து இப்படி நிறை பார்க்கிற எங்கள் எல்சி-எம்எஸ்/எம்எஸ் மெஷின் முன்னால் உட்காரும்போதெல்லாம் அந்த மனுஷரை நினைத்துக்கொள்வேன்.

படான்செரு நினைவிருக்கிறதா? ஹைதராபாத் பக்கம். சுமார் 90 மருந்துக் கம்பெனிகளின் கழிவுநீர் ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. அங்கே சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரை யோக்கிம் லார்சன் என்ற சுவீடன்காரரின் குழு சோதித்து 2007-இல் வெளியிட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை. மில்லிகிராம், மல்லி! ஆற்று நீரில் நாங்கள் தேடுவது நானோகிராம் கணக்கு. லிட்டருக்கு 1 நானோகிராம் என்றால் 100 கோடி லிட்டரில் 1 கிராம். நோயாளி மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் ஏறுகிற அளவைவிட அந்தக் கழிவுநீரில் அதிகம் இருந்தது. 2009-இல் வந்த அடுத்த ஆய்வில் சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் கிணறுகளிலும் மருந்து கிடைத்தது. அந்தக் கிணறுகளுக்கும் யாராவது பூச்சிக்கொல்லி டெஸ்ட் மட்டும் எடுத்திருந்தால் உன் அண்ணன் கையில் இருப்பதைப் போலவே ஒரு தாள் வந்திருக்கும். எனக்குத் தூக்கம் போனது இந்த நினைப்பில்தான்.

உன் ஊர் மட்டும் தப்பித்தது என்று நினைக்காதே. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றையும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பார்த்து 2011-இல் எழுதினார்கள். சோப்பு, பற்பசையில் போடுகிற டிரைகுளோசான் உன் தாமிரபரணியில்தான் தூக்கலாக இருந்தது. நீ குறுக்குத்துறையில் முழுக்குப் போட்டுவிட்டு போட்டோ அனுப்பும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டுரைதான் ஞாபகம் வரும். கோபித்துக்கொள்ளாதே.

சரி, நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்று கேட்டிருந்தாய், உன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று. ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டி, பாலிமர் மணி அடைத்த சின்னக் கார்ட்ரிட்ஜ் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறோம். தண்ணீர் போய்விடும், மருந்து மணியில் ஒட்டிக்கொள்ளும். மெத்தனாலை விட்டு அதைக் கழற்றி, நைட்ரஜன் ஊதி வற்றவைத்து, கடைசியில் 1 மில்லி. ஆயிரம் மடங்கு செறிவு. பிறகு கலந்திருப்பவற்றைப் பிரிக்கிற எல்சி தூண், அதன்பின் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். வலிப்பு மாத்திரையான கார்பமசெபைனை எடுத்துக்கொள்: முதல் வடிகட்டி நிறை 237 உள்ள அயனியை மட்டும் உள்ளே விடும், நடுவில் வாயுவோடு மோத விட்டு உடைப்போம், கடைசி வடிகட்டி 194-ஐ மட்டும் எண்ணும். இரண்டாவது ஒரு துண்டும் சரியான விகிதத்தில் வர வேண்டும், வெளிவரும் நேரமும் பொருந்த வேண்டும். அப்புறம்தான் "இருக்கிறது" என்று எழுதுவேன்.

இதுவரை சுலபம். உண்மையான தலைவலி சாக்கடை கலந்த தண்ணீர். அதில் இருக்கிற ஆயிரம் கரிமப் பொருளும் அந்த ஊசிமுனையில் ஒரே நேரத்தில் மின்னூட்டத்துக்கு அடித்துக்கொள்ளும். நம் மருந்துக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காது. இருப்பதில் பாதிதான் மெஷின் காட்டும், சில சமயம் ஒன்றுமே காட்டாது. இதற்கு வைத்தியம், ஐசோடோப் போட்ட ஸ்டாண்டர்டு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சுத்தமான மாதிரி. ஹைட்ரஜனுக்குப் பதில் 10 டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) வைத்த கார்பமசெபைனைத் தெரிந்த அளவில் முதலிலேயே தண்ணீரில் கலந்துவிடுவோம். திருவிழாக் கூட்டத்துக்குள் ஒருவனை அனுப்பும்போது சிவப்புத் துண்டு கட்டிய அவன் இரட்டையனையும் கூடவே அனுப்புவது போல. அனுப்பிய இரட்டையர்களில் பாதிப் பேர்தான் மறுபக்கம் வந்தால், மற்றவர்களிலும் பாதிதான் வந்திருப்பார்கள் என்று கணக்குப் போடலாம். வேதிப்பண்பு கிட்டத்தட்ட ஒன்று, நிறை மட்டும் 247, துண்டு 204. ஆனால் இதன் விலை! மில்லிகிராம் கணக்கில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். "இத்தனை சின்னக் குப்பிக்கு இவ்வளவா" என்று கணக்குப் பிரிவில் கோப்பைத் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்கள். அது இல்லாமல் நான் கொடுக்கிற எண்ணை யாருடைய கிணற்றுக்கும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். இந்த விஷயத்தில் நான் இறங்கி வரப்போவதில்லை.

ஸ்டாண்டர்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு சியாட்டில் கதையைப் போல ஒன்று கிடையாது. ஓடைகளைச் சீர்செய்தார்கள், கோஹோ சால்மன் மீன் திரும்பி வந்தது, மழை பெய்த கையோடு முட்டையிடாமலே செத்தது. பட்டியலில் உள்ள எந்தப் பொருளாலும் காரணம் சொல்ல முடியவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு தலைகீழாகப் போனது. டயர் ரப்பரை ஊறவைத்த தண்ணீர் மீனைக் கொல்கிறது என்று தெரிந்ததும் அந்தத் தண்ணீரைப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியையும் மீனுக்குக் கொடுத்து, கொல்கிற பகுதியை மட்டும் மேலும் பிரித்தார்கள். கடைசியில் ஒரே பொருள், C18H22N2O2. எந்தப் புத்தகத்திலும் இல்லாத நச்சு. டயரில் ஓசோனைத் தடுக்கப் போடுகிற 6பிபிடி, C18H24N2. ஓசோனோடு வினைபுரிந்து இரண்டு ஹைட்ரஜனை விட்டு இரண்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டிருக்கிறது! பாதி மீன்களைக் கொல்லும் அளவு லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம் என்று முதலில் எழுதினார்கள். பிறகு விலைக்குக் கிடைத்த ஸ்டாண்டர்டை வைத்து மறுபடி அளந்து, 0.095 மைக்ரோகிராம்தான் என்று 2022-இல் அவர்களே திருத்தி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு நான் கும்பிடுகிறேன். இப்போது அண்ணனின் தாளை எடுத்துப் பார்: எல்லை 1 மைக்ரோகிராம். அந்த ஓடைத் தண்ணீரை அதே எல்லையில் சோதித்திருந்தால், பொருளின் பெயர் பட்டியலில் இருந்திருந்தாலும், மீன் செத்து மிதக்க மிதக்க என்.டி. என்று வந்திருக்கும்.

கழுகு விஷயமும் இதேதான். 1990-களில் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக் கொத்தாக விழுந்தன. கிருமியா, பூச்சிக்கொல்லியா, உலோகமா என்று தேடினார்கள், எதுவும் இல்லை. லிண்ட்சே ஓக்ஸ் குழு பாகிஸ்தானில் கேள்வியை மாற்றியது: கழுகு தின்பது மாட்டை, மாட்டுக்கு என்ன மருந்து போடுகிறார்கள்? டைக்ளோஃபினாக், வலிமருந்து. சிறுநீரகம் கெட்டு உள்ளுறுப்பெல்லாம் யூரிக் அமிலம் படிந்து செத்த 25 பறவைகளிலும் அது இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13-இல் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் வெளிவந்தது, 2006-இல் இந்தியாவில் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குள் நம் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாயாறு பள்ளத்தாக்கில் இருக்கிற கொஞ்சத்தை நீயும் நானும் பார்க்கப் போக வேண்டும், எத்தனை வருஷமாகச் சொல்கிறாய்.

விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். அண்ணி அந்தத் தண்ணீரில் சமைக்க வேண்டாம். கிணற்றில் மருந்து இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றுதான் சொல்கிறேன். முடிவு தெரிகிறவரை குடிக்க, சமைக்கப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் எடுக்கட்டும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று அண்ணன் சொல்வார். கொதித்தால் கிருமி சாகும், இந்த மாதிரி மருந்து போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும்.

எங்கள் தலைவரிடம் பேசிவிட்டேன், அடுத்த தொகுதி மாதிரிகளோடு சேர்த்து ஓட்டலாம் என்றார். பாட்டில்களை முருகேசன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பழுப்புக் கண்ணாடி பாட்டில், நன்றாகக் கழுவியது, மூடியைத் தேவையில்லாமல் திறக்கக் கூடாது. ஒன்றில் வெள்ளைத் தூள் இருக்கும், ஈடிடிஏ, கொட்டிவிடாதே. கிணற்றுத் தண்ணீர் கடினநீர். கால்சியமும் மெக்னீசியமும் சிப்ரோவைப் பிடித்துக்கொண்டு கார்ட்ரிட்ஜில் ஒட்ட விடாது, ஈடிடிஏ அவற்றை முந்திப் பிடித்துக்கொள்ளும். அந்த மாத்திரையைப் பாலோடு போடாதே என்று டாக்டர் சொல்வதும் இதே வினையால்தான். எடுக்கிறவர் அன்று காலை காபி குடித்த கையோடு, தைலம் தடவிய கையோடு தொடக் கூடாது, கையுறை வைத்திருக்கிறேன். ஒரு பாட்டிலில் சுத்த நீர் ஊற்றி அனுப்புகிறேன். அதைக் கிணற்றடியில் திறந்து அதே மாதிரி இன்னொன்றுக்கு மாற்றி மூடு. வழியில் ஏதாவது கலந்தால் அது காட்டிக்கொடுக்கும். எடுத்ததும் ஐஸ் பெட்டி, அன்று ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸ்.

நிலா கெமிஸ்ட்ரி எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாயே, எடுக்கட்டும். லீவில் என்னிடம் அனுப்பு.

இன்னொரு காரியம், இதை நீதான் செய்ய வேண்டும். அந்தத் தொழிற்பேட்டைக் கம்பெனிகள் என்னென்ன மருந்து தயாரிக்கின்றன என்று விசாரித்து எழுது. வாசல் பலகையில் அனுமதி விவரம் எழுதியிருக்கிறதா பார். அங்கே வேலைக்குப் போகிற பையன்களை அண்ணனுக்குத் தெரியும், அவர்களிடம் மூட்டையில், டிரம்மில் என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்று கேட்கச் சொல். பெயர் கிடைத்தால்தான் எந்த ஸ்டாண்டர்டு வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பாட்டில் வருவதற்குள் அந்தப் பட்டியல் என் கைக்கு வர வேண்டும்.

அன்புடன்,
தமிழ்ச்செல்வி