கையப் பாக்காம விட்டுட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆட்டிசம் பத்தி போன வாரம் நீங்க போட்ட கட்டுரைய எனக்க மவதான் வாசிச்சுக் காட்டினா. நல்லா இருந்துச்சு. ஆனா வாயில பேச்சு வரதுக்கு முன்னாடி பிள்ளைட்ட எதப் பாக்கணும்னு அதுல ஒரு வரிகூட இல்ல, அதுக்குத்தான் இத எழுதுறேன்.

எனக்க பேரனுக்கு ரெண்டு வயசாகியும் ஒரு வார்த்தை வரல்ல. ஒரு டாக்டர்ட்ட காட்டினோம், ஆம்பளப் பிள்ள பையதான் பேசுவான், மூணு வயசு ஆகட்டும்னு அனுப்பிட்டாரு, சொந்தக்காரங்களும் அதையேதான் சொன்னாவ, நாங்களும் அவன் வாயவே பாத்துட்டு இருந்துட்டோம். மட்டிப்பழம் வேணும்னா எனக்க மணிக்கட்டப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி தொங்குற குலைமேல எனக்க கையத் தூக்கி வைப்பான், முகத்த ஒரு தடவ பாக்கமாட்டான். அந்தா காக்கான்னு நான் விரல் காட்டினாலும் திரும்பமாட்டான். அதுதான் ஆட்டிசத்துக்கு அடையாளம்னு அப்ப எங்களுக்குத் தெரியல்ல.

மவ நர்ஸ், பிறகு அவளே தேடி வாசிச்சா. 2006-ல அமெரிக்காவுல 60 ஆட்டிசம் பிள்ளைங்கள வச்சு ஒரு ஆய்வு வந்திருக்கு. 3, 4 வயசுல, தான் பாத்தத நமக்கும் காட்டி நம்மளையும் சேந்து பாக்க வைக்கிறதும் நாம செய்றத உடனே பாத்துச் செய்றதும் நல்லா இருந்த பிள்ளைங்களுக்கு அந்த வயசுல பேச்சும் நல்லா இருந்துச்சாம், விளையாட்டுச் சாமான வச்சு விளையாடத் தெரிஞ்ச பிள்ளைங்களும், முன்ன பாத்தத ஞாபகம் வச்சு பிறகு செஞ்ச பிள்ளைங்களும் ஆறரை வயசுக்குள்ள வேகமா முன்னேறியிருக்கு. அதனால தெரபில வார்த்தைய விட்டுட்டு முதல்ல இதத்தான் பழக்குனாவ, கைதட்டினா கைதட்ட, பந்து உருட்டினா திருப்பி உருட்ட.

போன மாசம் அவன் குலைய விரலால சுட்டிக்காட்டிட்டு எனக்க முகத்தத் திரும்பிப் பாத்தான். வார்த்தை இன்னும் வரல்ல. நான் அழுதுட்டேதான் பழத்த உரிச்சுக் குடுத்தேன்.

4 வயசு தாண்டியும் பேச்சு வராத பிள்ளைகளப் பெத்தவங்க மனசு விட்டுடாதீங்க, 2013-ல வந்த இன்னொரு ஆய்வுல, 4 வயசுல பேச்சு வராத, இல்லன்னா ரொம்பப் பின்தங்கியிருந்த 535 ஆட்டிசம் பிள்ளைங்கள்ல 70 சதவீதம் பேரு பிறகு வார்த்தை சேத்துப் பேசியிருக்காவ, 47 சதவீதம் பேரு சரளமாவே.

அங்கன்வாடில எடை பாக்கிற அன்னைக்கே, ஒன்றரை வயசுப் பிள்ளை விரல் காட்டுதா, நாம காட்டினா பாக்குதான்னு டீச்சர்மாரு அம்மாமார்ட்ட கேட்டாப் போதும், இல்லன்னு சொன்னா உடனே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பலாம். நீங்க இந்த ரெண்டு கேள்விய மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க, எங்க ஊரு அங்கன்வாடிச் சுவர்ல நானே வெட்டி ஒட்டிடுறேன்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி, கருங்கல்