வகுத்துப் பார்க்காமல் அறிந்த பகா எண்

அன்புள்ள சிவராமனுக்கு,

நலம், உன் நலமும் வீட்டாரின் நலமும் அறிய ஆவல். 39 இலக்க எண் ஒன்றை வெறும் கைக்கணக்கால் பகா எண் என்று எப்படிச் சொல்ல முடியும் எனப் பேத்தி கேட்டதாகவும், உன்னால் விடை சொல்ல இயலவில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கேள்வி மூன்று நாள்களாக என்னை விடவில்லை.

அந்த எண், 2-இன் 127-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது: 170141183460469231731687303715884105727. 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார்ட் லூக்காஸ் இது பகா எண் என அறிவித்தார். 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதையும் எவரும் அறிந்திருக்கவில்லை. நாம் பள்ளியில் படித்தபடி வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்ப்பதென்றால், அந்த வர்க்கமூலமே 20 இலக்கம் கொண்டது. ஓர் ஆயுள் போதாது.

லூக்காஸ் காரணிகளைத் தேடவே இல்லை. இப்படி 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களில், அடுக்கு ஒரு பகா எண்ணாகவும் 4-ஆல் வகுத்தால் 3 மீதி தருவதாகவும் இருந்தால், அவருடைய வழி இதுதான்: 3-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் இதையே திரும்பச் செய்ய வேண்டும். முடிவில் மீதி 0 என்றால் பகா எண். இல்லையென்றால் பகு எண். 127-க்கு, அதாவது 2-இன் 7-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணுக்கு, நேற்றிரவு நானே போட்டுப் பார்த்தேன்: 3, 7, 47, 48, 16, 0. ஐந்தே படிகள்! 47-இன் வர்க்கத்தில் 2 போக 2207. 127-ஆல் வகுப்பதற்குப் பதிலாக, அதை 128-ஆல் வகுத்து ஈவு 17-ஐயும் மீதி 31-ஐயும் கூட்டினாலே 48 கிடைத்துவிடுகிறது. 39 இலக்க எண்ணுக்கு இவ்வாறு 125 படிகள். கடும் உழைப்புதான், ஆனால் மனிதரால் ஆகக்கூடியது.

இதைவிட என்னை வியக்க வைப்பது மறுபக்கம். 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் பகு எண் என்பதை, அதன் ஒரு காரணிகூடத் தெரியாமலேயே லூக்காஸ் அதே 1876-இல் காட்டிவிட்டார். 193707721, 761838257287 என்னும் அதன் இரு காரணிகளை அமெரிக்கரான கோல் 1903-இல்தான் வெளியிட்டார்.

பேத்தியிடம் 2047-ஐக் கொடுத்துப் பார். அது 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண். ஒன்பது படிகள் போட வேண்டும். மூன்றாம் படியில் 160 வரும். எட்டாம் படியில் அதே 160 திரும்பி வரும். ஒன்பதாவதில் 1034 வருமே தவிர 0 வராது. அதன் பிறகு 23-ஐ 89-ஆல் பெருக்கச் சொல். அப்போது அவள் என்ன கேட்கிறாள் என்பதை மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
வேதநாயகம்