30 மில்லியோடு நிறுத்திவிட்டார்கள்

சென்னை,
வெள்ளி இரவு

அன்பு நண்பனுக்கு,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்றுவரை பதில் எழுதாதது என் தவறுதான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். நெல்லையில் நீ மலக்குடல் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி கருவி வாங்கப்போவதாகப் பெரியவர் சொன்னார், அதனால்தான் இந்த அவசரம்.

சென்ற வாரம் எண்ணூரிலிருந்து ஓர் அம்மா தம் ஆறு வயதுப் பையனை அழைத்து வந்தார். எக்ஸ்ரேயில் பெருங்குடல் விரிந்து கிடந்தது. வேறோர் இடத்தில் இந்தக் கருவியால் சோதித்து, 'ரிஃப்ளெக்ஸ் இல்லை, ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோய்' என்று எழுதி, பயாப்ஸிகூட (திசுச் சோதனை) எடுக்காமல் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். ஆனால் அந்த நோயில் பெரும்பாலும் தாமதமாகும் கறுப்பு மலத்தை, பையன் பிறந்த முதல் நாளே கழித்தவன். பள்ளியில் சேர்ந்த பிறகே, அங்குள்ள கழிவறைக்குப் பயந்து, கால்களைப் பின்னிக்கொண்டு அடக்கத் தொடங்கியிருக்கிறான். ஜட்டியில் கசிவும் உண்டு.

மலக்குடலில் பலூனை ஊதிச் சுவர் விரிந்தால்தான் ஆசனவாயின் உள் சுருக்குத்தசை தளர்ந்து, திரையில் அழுத்தக் கோடு இறங்கும்; அதுதான் அந்த ரிஃப்ளெக்ஸ். அந்தச் செய்தியைக் கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் பிறவியிலேயே இல்லாத ஹிர்ஷ்ஸ்ப்ருங் குழந்தைக்கு எவ்வளவு ஊதினாலும் இறங்காது. இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் மலம் தேங்கித் தொளதொளத்துப்போன குடலில் 30 மில்லி காற்று சுவரை எங்கே விரிக்கும்? அவர்கள் அதோடு நிறுத்தியிருந்தார்கள்.

மூன்று நாள் எனிமா கொடுத்துக் குடலைக் காலி செய்தோம். செவ்வாயன்று, அழுதால் கோடு தாறுமாறாகத் துள்ளும் என்பதால், அவன் அம்மாவின் விரலைப் பிடித்தபடி ஒருக்களித்து அமைதியாகும்வரை காத்திருந்தோம். 30, 60: அசைவில்லை. 90 மில்லியில், "சார், இறங்குது!" என்றார் டெக்னீஷியன். கோடு சரிந்து, சில வினாடி கீழேயே கிடந்து, மெல்ல ஏறியது. மேலும் இருமுறை ஊதினோம். இருமுறையும் அதே சரிவு.

நல்ல குடலை வெட்டி இழுத்துத் தைத்திருப்பார்களே என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

உன் அறிக்கைப் படிவத்தில் 'எத்தனை மில்லி வரை ஊதப்பட்டது' என்று ஒரு கட்டம் கட்டாயம் போடு. கோடு இறங்காவிட்டாலும் நோய் உறுதி என்று எழுதிவிடாதே. துளி திசுவை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் பயாப்ஸிக்கு அனுப்பு. ஹாஸ்டலில் சைக்கிள் டியூபைக் காற்றடித்தே வெடிக்கவைத்த கை உன்னுடையது. குழந்தை முகம் சுளித்தால் உடனே நிறுத்திவிடு.

பையன் இப்போது மருந்துப் பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு, சாப்பிட்டதும் பத்து நிமிடம் கழிவறையில் உட்காருகிறான். வரும் செவ்வாய் மறுபடி வருகிறான். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்