வண்டியோடு பிளக்கும் வேண்டும்

ஆசிரியருக்கு,

முதியோர் இல்லங்களுக்கு மின்சார ‘குட்டி யானை’ சரக்கு வண்டி வாங்கித் தருபவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். 2022-ல் அறிமுகமான டாடா ஏஸ் இ.வி. 600 கிலோ சுமக்கும். மளிகை மூட்டையும் சாப்பாட்டு அண்டாக்களும் தாராளமாக ஏறும். டீசல் செலவும் மிச்சம்.

ஆனால் எங்கள் பகுதி இல்லம் ஒன்றுக்குப் பச்சை நம்பர் பிளேட்டோடு வந்த வண்டி, போட்ட மாலை வாடுவதற்குள் தார்ப்பாய்க்கு அடியில் போய்விட்டது. அங்கே 15 ஆம்பியர் பிளக்கும் இல்லை, ஒழுங்கான எர்த்திங்கும் இல்லை. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யோ இன்னும் கொடுத்தவர் பெயரில்தான். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, பெயர் மாற்றத்தை முடித்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று: நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பணத்துக்குத்தான், வண்டியாகக் கொடுத்தால் கிடையாது. ஆகவே தொகையை வங்கி வழியே இல்லத்துக்குச் செலுத்தி, அவர்கள் பெயரிலேயே வண்டி எடுக்கச் செய்யலாம். அப்படியே எலக்ட்ரீஷியன் கூலியையும் அடுத்த ஆண்டு இன்சூரன்ஸையும் சேர்த்துக் கொடுங்கள். கரண்ட் பில் கட்டவே திணறும் இல்லங்கள் அவை.

- வாசகர், தாம்பரம்